கொப்பியை என் கையில் தந்த அண்ணாவுக்கு



திருகோணமலை மெக்கெய்சர் மைதானத்துக்குக் கிட்ட ஓர் ஒழுங்கையில் நீங்கள் கடை வைத்திருந்த காலத்தில் உங்களை எல்லாரும் கேம்கடை அண்ணா என்றுதான் கூப்பிட்டோம். இந்த மடலிலும் உங்கள் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் நீங்கள் கூச்சப்படுவீர்கள். ஆனாலும் உறையில் போட்டு ஒட்டி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கடைமேல் அந்த நாளில் விழுந்த பழியெல்லாம் ஊர் கேட்க விழுந்ததுதான். "பெடியளைக் கெடுக்கிற கடை" என்று சந்தியில் நின்று சொன்னார்கள். நன்றியையும் ஊர் கேட்கவே சொல்ல வேண்டும்.

2003ஆம் ஆண்டு. போர்நிறுத்த ஒப்பந்தம் 2002 பெப்ரவரி 22இல் கையெழுத்தாகி ஒரு வருடம் கழிந்திருந்தது. சோதனைச் சாவடிகளில் கெடுபிடி குறைந்து, கொழும்பிலிருந்து சாமான்கள் தடையில்லாமல் வரத் தொடங்கியிருந்தன. அப்படி வந்த பழைய கம்பியூட்டர்கள் ஐந்தை வாங்கி நீங்கள் பின்னறையில் வைத்திருந்தீர்கள். எனக்கு அப்போது 14 வயது, தம்பிக்கு ஒன்பது. பள்ளிக்கூடம் விட்டதும் அவன் நேரே உங்கள் கடைக்கு ஓடிவிடுவான். கூட்டிக்கொண்டு வரச்சொல்லி அம்மா என்னை அனுப்புவா. பெடியள் நிறைந்த கடைக்குள் ஒரு பொம்பிளைப் பிள்ளை எப்படிப் போவது? வாசலில் வெயிலில் நிற்பேன். கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் மான்கள் இரண்டு மூன்று சில நாள் ஒழுங்கையில் நிற்கும். அவற்றோடு நானும்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ நீங்கள் வெளியில் வந்தீர்கள். "ஏன் பிள்ளை வெயிலுக்க நிக்கிறாய்? உள்ளுக்கு வந்து கதிரையில இரு" என்றீர்கள். பிறகு மேசையிலிருந்த கொப்பியை எடுத்து என் கையில் தந்தீர்கள். "சும்மா இராத. ஆர் எத்தினை மணிக்கு வந்தவன், எத்தினை மணிக்குப் போறான் எண்டு எழுது. இவங்கள் எனக்கெண்டால் பொய் சொல்லுவாங்கள். உனக்குச் சொல்லமாட்டாங்கள்."

நூற்றிருபது பக்கக் கோடு போட்ட கொப்பி. பெயர், மெஷின், வந்த நேரம், போன நேரம், காசு என்று ஐந்து நிரல்கள். ஆறாவதாக ஒரு நிரல் தலைப்பில்லாமல் இருந்தது. அதில் உங்கள் கையெழுத்தில் ஒவ்வொரு பெடியனுக்கும் நேரே ஒரு சொல். "அவசரம்." "காசு பொறுக்கி." "உயிர் குடுக்கிறவன்." "சுத்திப் பாக்கிறவன்." இது என்னத்துக்கு என்று கேட்டேன். "எந்த கேம் எண்டு பாக்காத. எப்பிடி விளையாடுறான் எண்டு பார்" என்றீர்கள். வேறு விளக்கம் தரவில்லை.

அன்றிலிருந்து நாலு வருடம், ரியூசன் இல்லாத பின்னேரங்களில் நான் அந்தக் கொப்பியை எழுதினேன். நன்றி சொல்ல வேண்டிய முதல் காரியம் அது.

கடையின் முன்பக்கத்தில் இரண்டு ரிவி கேம் இருந்தன. கம்பியூட்டருக்கு மணித்தியாலத்துக்கு 40 ரூபாய் கொடுக்க வசதியில்லாத சின்னப் பெடியளுக்காக நீங்கள் விடாமல் வைத்திருந்தவை. ஜப்பானில் 1983 ஜூலை 15இல் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபமிகொம் என்ற பெட்டியின் நகல்கள் அவை. மசயுகி உவெமுரா என்ற பொறியியலாளரின் வடிவமைப்பு, அவர் பெயரைக் கேட்டேயிராத எத்தனையோ ஊர்களின் வீட்டு முன்னறைகளுக்கு நகலாகவே போய்ச் சேர்ந்தது. 2021 டிசம்பரில் அவர் காலமான செய்தியைப் படித்தபோது எனக்கு உங்கள் கடையின் மணம்தான் வந்தது. ஸ்பிரிட், சூடேறிய பிளாஸ்டிக், கடற்காற்று.

கசெட் வேலை செய்யாவிட்டால் ஊதிப் போடுவது உலகம் முழுவதும் பிள்ளைகளுக்கு இருந்த பழக்கம். உங்கள் கடையில் ஊதினால் அன்றைக்கு விளையாட்டு இல்லை. "இஞ்ச காத்திலயே உப்பு. நீயும் எச்சிலோட ஊதினா அது எப்பிடித் தாங்கும்?" என்பீர்கள். கசெட்டைத் திருப்பி, உள்ளே வரிசையாக மினுங்கும் செப்புப் பட்டைகளை அழிறப்பரால் ஒரே பக்கமாகத் தேய்த்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, விசிறிக்கு முன்னால் பிடித்து உலர்த்துவீர்கள். இருபது பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நிண்டெண்டோவே ஊத வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தது என்பதைப் பிற்காலத்தில் அறிந்தேன். ஈரம் பட்டு உலோகம் அரிக்கும் என்று. உட்துறைமுகத்துக்கும் பின்குடாவுக்கும் நடுவே கடை வைத்திருந்த உங்களுக்கு அதை யாரும் எழுதித் தர வேண்டியிருக்கவில்லை.

அந்த இரண்டு பெட்டிகளிலும் அதிகம் ஓடியது கொன்ட்ரா. இரண்டு பேர் சேர்ந்து காட்டுக்குள் சுட்டுக்கொண்டு போகும் விளையாட்டு. அதில் ஒருவனின் உயிர்கள் முடிந்துபோனால் மற்றவனின் கணக்கிலிருந்து ஓர் உயிரை எடுத்துக்கொண்டு திரும்பி வரலாம். உங்கள் கடையில் அதற்கு ஒரு சட்டம் இருந்தது. கேட்காமல் எடுக்கக்கூடாது. "மச்சான், ஒரு லைஃப் தாடா" என்று வாயால் கேட்க வேண்டும். அவன் "எடு" என்று சொன்ன பிறகுதான் பட்டனை அமர்த்தலாம். என் தம்பி தன்னிடம் ஒன்றே ஒன்று மிச்சமிருக்கும்போதும் "எடு" என்பான். அவன் பெயருக்கு நேரே நீங்கள் எழுதியிருந்த சொல்தான் "உயிர் குடுக்கிறவன்." வீட்டில் சண்டித்தனமும் பிடிவாதமும் தவிர வேறொன்றையும் நான் அவனிடம் கண்டதில்லை. என் தம்பியை எனக்குக் காட்டித் தந்தவர் நீங்கள்.

கசெட்டில் விளையாட்டைச் சேமித்து வைக்க வழியில்லை. கரண்ட் போனால் ஏழாம் கட்டத்தில் நின்றவனும் முதலாம் கட்டத்துக்குத்தான் வர வேண்டும். கரண்ட் போகிற ஊரில் வளர்ந்த பிள்ளைகளின் விளையாட்டுப் பழக்கம் அதனால்தான் வேறாக இருந்தது. நீண்ட கதையுள்ள விளையாட்டை எங்கள் பெடியள் நம்பமாட்டார்கள். அரைமணித்தியாலத்தில் முடியக்கூடியது எதுவோ அதுதான் நல்ல விளையாட்டு. இதைப் பொறுமையின்மை என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் எழுதி வைத்த நேரங்களைப் பார்த்தால், கரண்ட் ஒழுங்காக இருந்த மாதங்களில் அதே பெடியள் கம்பியூட்டரில் ஒரே விளையாட்டை வாரக்கணக்காகத் தொடர்ந்து விளையாடியது தெரிகிறது.

கிண்ணியாவிலிருந்து ஒரு பெடியன் வருவான். 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்குப் போவதென்றால் பாதை என்ற படகில் ஏறித்தான் கடக்க வேண்டும். கடைசிப் பாதையைத் தவறவிட்டால் அவன் இரவுக்கு எங்கே போவான்? அதனால் வந்தவுடனே கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றி மொனிட்டருக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் விளையாட இருப்பான். அவனை வரிசையில் முன்னால் விடச்சொல்லி நீங்கள் சொன்னபோது ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அவன் பெயருக்கு நேரே நான் முதன்முதலாக என் சொல்லை எழுதினேன். "மணி பார்க்கிறவன்." நீங்கள் படித்துவிட்டுத் தலையாட்டினீர்கள். பரீட்சையில் பாஸானதுபோல் இருந்தது எனக்கு.

பின்னறையில் அப்போது எல்லாருக்கும் வெறி வைஸ் சிட்டிமேல். ஒரு கடற்கரை நகரம், நினைத்த இடத்துக்கெல்லாம் போகலாம், ஆனால் அந்தக் கதாநாயகனுக்கு நீந்தத் தெரியாது. தண்ணீருக்குள் விழுந்தால் செத்துவிடுவான். கடலிலே பிறந்து வளர்ந்த எங்கள் பெடியளுக்கு அது பெரிய பகிடி. "இவ்வளவு காசு, இவ்வளவு கார், நீந்தத் தெரியாதாம்" என்று வேண்டுமென்றே அவனைக் கொண்டுபோய்த் தள்ளிச் சிரிப்பார்கள்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். அதைப் பற்றி உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. கடையைத் திறக்க நீங்கள் பல நாள் எடுத்தீர்கள். திறந்த பிறகும் பெடியள் வந்தார்கள், ஆனால் வைஸ் சிட்டியை யாரும் தொடவில்லை. நீங்கள் அழிக்கவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. கிண்ணியாப் பெடியன் மூன்று மாதம் வரவில்லை. கொப்பியில் ஒவ்வொரு வாரமும் அவன் பெயரை எழுதி நேரத்தை வெறுமையாக விடச் சொன்னீர்கள். ஏப்ரலில் அவன் வந்து நின்றபோது கையில் மணிக்கூடு இல்லை. நீங்கள் உங்கள் மணிக்கூட்டைக் கழற்றி மொனிட்டருக்குக் கீழே வைத்தீர்கள்.

அதற்குப் பிறகு வந்தவர்களில் ஒருவனை நான் அடிக்கடி நினைக்கிறேன். நீட் ஃபோர் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட் 2 மட்டும் கேட்பான். அதிலே வரும் நகரத்தில் எப்போதும் இரவு, மழை பெய்த ஈரத் தெரு, வெளிச்சம் தெருவில் வழியும். போட்டி ஒன்றும் ஓடமாட்டான். பிரேக் பிடித்து, சந்திகளில் நின்று, வளைவுகளில் மெதுவாகத் திரும்பி, ஒரு மணித்தியாலம் சும்மா ஓடிவிட்டு எழும்பிப் போய்விடுவான். நாற்பது ரூபாய் கொடுத்து இப்படி ஓடுகிறானே என்று மற்றவர்கள் கேட்டார்கள். நான் யோசித்து யோசித்து "சுத்திப் பாக்கிறவன்" என்று எழுதினேன். நீங்கள் அதை வெட்டிவிட்டு "இரவில் வெளியே போகிறவன்" என்று எழுதினீர்கள். ஆறு மணிக்குக் கதவு பூட்டும் ஊரில் பதினாறு வயதுப் பெடியனுக்கு என்ன தேவை என்பதை எனக்கு அந்த மூன்று சொல் சொல்லித் தந்தது.

வலது கையில் மூன்று விரல் மட்டும் இருந்த பெடியனையும் மறந்திருக்கமாட்டீர்கள். ஐந்தாம் மெஷினில் எல்லாக் கட்டளைகளையும் விசைப்பலகையின் இடது பக்கத்துக்கு மாற்றி, மவுஸையும் இடப்பக்கம் வைத்து, அதை யாரும் மாற்றக்கூடாது என்று பலகையில் எழுதி ஒட்டினீர்கள். மற்றவர்கள் அந்த மெஷினில் இருக்கும்போது அவனுடைய முறைப்படித்தான் விளையாட வேண்டும். இடக்கைப் பழக்கத்துக்குத் திணறினார்கள், பிறகு பழகினார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கென்று மைக்ரோசொஃப்ட் ஒரு தனிக் கட்டுப்பாட்டுக் கருவியை 2018இல்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தது. செய்தியைப் படித்தபோது பெருமையாக இருந்தது. அவர்களை நினைத்தும்தான், ஐந்தாம் மெஷினை நினைத்தும்தான்.

2006 ஜனவரி 2ஆம் திகதி பின்னேரம் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகில் நின்ற ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு பெடியனும் அதற்குப் பிறகு கடற்கரையில் கூடி நிற்கவில்லை. அம்மாமார் மைதானத்துக்கும் விடவில்லை. நாலு நாள் கழித்து நீங்கள் கடையைத் திறந்தபோது ஐந்து மெஷினிலும் கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற துவக்கு விளையாட்டு இருந்த இடம் வெறுமையாக இருந்தது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு அவர்களே கேட்டார்கள். நீங்கள் திரும்பப் போட்டுக் கொடுத்தீர்கள், ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு. துவக்குச் சத்தம் ஒழுங்கைக்குக் கேட்கக்கூடாது. ரோந்து போகிறவர்கள் பிழையாக விளங்கிக்கொண்டால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஐந்து பேர் ஹெட்ஃபோனோடு ஒரு சத்தமும் இல்லாமல் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த அந்த அறையில் நான் கேட்டதெல்லாம் மவுஸ் கிளிக்கும் விசிறிச் சத்தமும்தான். துவக்கு விளையாட்டு விளையாடினால் பிள்ளை துவக்குத் தூக்கும் என்று சொன்ன பெரியவர்களுக்கு நான் இன்றும் சொல்லும் பதில் இதுதான்: விளையாட்டுச் சத்தத்துக்கும் மெய்ச் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பெடியளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் உலகத்தில் குறைவு.

என்னைப் பற்றியும் பேச்சு வந்தது. பெடியளோடு கடைக்குள் இருக்கிறாள் என்று. எனக்குப் படிப்பித்த ஆசிரியர் ஒருவர் வகுப்பில் வைத்தே கேட்டார். அன்றைக்கு அழுதுகொண்டு வந்து கொப்பியை உங்களிடம் திருப்பித் தந்தேன். நீங்கள் வாங்கவில்லை. மேசையைத் தூக்கி வாசற்படிக்குக் கொண்டுவந்து, ஒழுங்கையில் போகிற வருகிற எல்லாருக்கும் தெரிகிறமாதிரி போட்டீர்கள். "இனி ஊரே உன்னைக் காவல் காக்கட்டும்" என்றீர்கள். பின்னேரம் அம்மாவிடமும் வந்து பேசினீர்கள். என்ன பேசினீர்கள் என்று அம்மா கடைசிவரை சொல்லவில்லை. அடுத்தநாள் போகச் சொன்னா, அவ்வளவுதான்.

கடை பூட்டும் முன் எனக்கென்று பதினைந்து நிமிடம் ஒதுக்கித் தந்தீர்கள். நான் ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் விளையாடினேன். சண்டைக்குப் போகமாட்டேன். கரையில் துறை கட்டி, மீன்பிடிப் படகுகளை அனுப்பி, மதில் எழுப்பி, வெல்லும் நேரம் வரும்போது சேமித்துவிட்டு எழும்பிவிடுவேன். என் பெயருக்கு நேரே ஒரு நாள் பார்த்தேன். "முடிக்க மனமில்லாதவள்." அந்தச் சொல்லை அதன் பிறகு எத்தனையோ முறை என்னிடமே சொல்லிப் பார்த்திருக்கிறேன். சரியாகத்தான் இருந்தது. முடித்தால் வீட்டுக்குப் போக வேண்டுமே.

2006 கடைசியில் கிரிக்கெட் 07 வந்தது. அதில் இலங்கை அணி இருந்தது, ஆனால் வீரர்களின் மெய்ப்பெயர்கள் இல்லை. முரளியும் சனத்தும் இல்லாத இலங்கை அணியை எங்கள் பெடியள் ஏற்கவில்லை. கொழும்பிலிருந்து யாரோ ஒருவரின் மச்சான் சரியான பெயர்கள் உள்ள கோப்பை சீடியில் கொண்டுவந்தார். நீங்கள் அதைப் போட்டுக்கொண்டிருந்த ஒரு மணித்தியாலமும் தமிழ்ப் பெடியள், முஸ்லிம் பெடியள், பக்கத்து ஒழுங்கைச் சிங்களப் பெடியள் எல்லாரும் விளையாடாமலே காசு கொடுத்துக் காத்திருந்தார்கள். பட்டியலில் முரளியின் பெயர் தெரிந்ததும் கடையில் எழுந்த சத்தத்துக்கு நீங்கள் "ஸ்ஸ்" என்று விரலை வாயில் வைத்தீர்கள். உங்கள் முகமும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

கடை பூட்டியது ஏன் என்று நான் கேட்டதில்லை, கேட்கவும் போவதில்லை.

இப்போது நான் இதே மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். பயிற்சிக் காலத்தில் ரிச்சர்ட் பார்ட்ல் என்ற ஆங்கிலேயர் 1996இல் எழுதிய ஒரு கட்டுரை கையில் கிடைத்தது. விளையாடுகிறவர்களை நாலு வகையாகச் சீட்டுக்கட்டின் நாலு இனங்களோடு ஒப்பிட்டுப் பிரிக்கிறார். சாதிக்க விளையாடுபவர், சுற்றிப் பார்க்க விளையாடுபவர், பழக விளையாடுபவர், மற்றவரை வீழ்த்த விளையாடுபவர். நல்ல கட்டுரை. படித்து முடித்துவிட்டு உங்கள் ஆறாவது நிரலை எடுத்துப் பார்த்தேன். அதில் அறுபதுக்கு மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன.

என் மாணவர்கள் ஃப்ரீ ஃபயர் விளையாடுகிறார்கள். ஏன் அது என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்கிறார்கள். எனக்குக் காரணம் தெரியும். ஓர் ஆட்டம் பத்து நிமிட அளவில் முடியும், விலை குறைந்த ஃபோனிலும் ஓடும். பப்ஜியில் ஓர் ஆட்டம் அரைமணித்தியாலம் போகும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது, மிச்சமிருக்கும் சார்ஜைப் பார்த்து விளையாட்டைத் தெரிந்தெடுத்த பிள்ளைகள் இவர்கள். எங்கள் பெடியள் கொன்ட்ராவைத் தெரிந்தெடுத்ததும் இதே கணக்கில்தான்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் அழுதா. மகனுக்கு வருத்தம் பிடித்துவிட்டது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் விளையாட்டுக் கோளாறு என்ற ஒன்றை நோய்ப் பட்டியலில் சேர்த்தது உண்மை. 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் கட்டுப்பாடு இழந்து, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டையே வைத்து, கேடு வந்த பிறகும் விடமுடியாமல், பொதுவாக 12 மாதமாவது இப்படித் தொடர்ந்தால்தான் அந்தப் பெயர் என்பதையும் அவவுக்குச் சொன்னேன். பிறகு மகனை ஃபோனோடு கூட்டிவரச் சொன்னேன். விளையாடு, நான் பார்க்கிறேன் என்றேன். தாயும் பக்கத்தில் இருந்தா. பெடியன் வெல்லவே பார்க்கவில்லை. தன் குழுவில் விழுந்தவர்களை ஓடி ஓடித் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தான். அந்தத் தாய்க்கு நான் அதைக் காட்டினேன். எனக்கு நீங்கள் தம்பியைக் காட்டியதைப்போல.

அண்ணா, வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்ட பிறகு கணினி அறையில் ஒரு மணித்தியாலம் பிள்ளைகளை விளையாட விடுகிறேன். அதிபர் சம்மதம் தந்திருக்கிறார். பொம்பிளைப் பிள்ளைகள் ஒன்பது பேர் வருகிறார்கள். வாசலுக்குக் கிட்ட ஒரு மேசை போட்டு, கோடு போட்ட கொப்பி ஒன்று வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுதுகிறாள். ஆறாவது நிரலுக்கு இதிலும் தலைப்பில்லை. சொற்களில் அவளுக்கு இன்னும் தடுமாற்றம் இருக்கிறது. "நல்லா விளையாடுறான்" என்றே எழுதிவிடுகிறாள். நான் வெட்டித் திருத்துகிறேன், ஆனால் உங்களைப்போல் எனக்கு வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வாருங்கள். இரண்டு மணிக்குத் தொடங்குவோம். உங்களுக்கு ஒரு கதிரை போட்டிருக்கும்.


உங்கள் கடையில் கொப்பி எழுதிய பிள்ளை